வாசலடிக் கடை

பிராங்பேர்ட் பெரிய ரயில்நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், முன்னொரு காலம் கட்டிலும் அலுமாரியும் விற்ற கட்டடத்தில்தான் ‘ஆசியா ஹாலே’ இருந்தது. வாசலுக்கு மேலே ஒரு கோபுரம் கீறியிருந்தார்கள். கீறியவன் ஆசியாவைக் கண்டவன் இல்லை. சீனக்காரன் அதைத் தாய்லாந்துக் கோபுரம் என்றான்; தாய்லாந்துக்காரி சீனக் கோபுரம் என்றாள்; தமிழர்கள் நனைந்த குடை என்றார்கள். உள்ளே சுவரோரமாகச் சமையல் கடைகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக மேசையும் கதிரையும். எந்தக் கடையில் வாங்கினாலும் எந்த மேசையிலும் இருந்து சாப்பிடலாம். மீன் சோஸ், வறுத்த உள்ளி, கறித்தூள், எரிந்த எண்ணெய் எல்லாம் ஒன்றுகூடி உங்கள் கோட்டில் ஏறிக்கொள்ளும். அந்தக் கோட்டோடு எஸ்-பானில் இருந்தால் பக்கத்து ஆசனம் கடைசி ஸ்டேசன் வரை காலியாகவே வரும். அதுவும் ஒரு வசதிதான்.

ஸ்ரனிஸ்லாஸின் கடை ஆகக் கடைசியில், கழிப்பறைக்குப் போகிற வழியில் இருந்தது. வெள்ளைக்காரர் அந்தப் பக்கம் வருவார்கள், ஆனால் வேறு அவசரத்தோடு வருவார்கள். போகும்போது கொத்துரொட்டியைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்; வரும்போது கையை உதறிக்கொண்டு ஒரு தரம் பார்ப்பார்கள். அந்த ஒரு பார்வையை நம்பி அவனும் மனைவி கொறற்றியும் விடிய எழும்பி றோல்ஸ் சுற்றினார்கள்.

அவன் யாழ்ப்பாணம் பெரியகடையில் கருவாடு விற்ற ஒருவரின் மகன். விலை சொல்லும்போது வாங்குகிறவனின் முகத்தைப் பார்க்கக் கூடாது, செருப்பைப் பார்க்க வேண்டும் என்பது தகப்பன் கொடுத்த படிப்பு. கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்டில் வந்து இறங்கி, அகதிக் காம்பில் கிடந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, கடைசியில் சொந்தமாகக் கடை போட்டபோது அந்தப் படிப்பு இங்கே உதவாது என்று கண்டுகொண்டான். ஜெர்மன்காரன் பலகையில் எழுதியிருக்கிற விலையைப் பார்ப்பான், கொடுப்பான், போய்விடுவான். ‘கூடிப்போச்சு’ என்று ஒரு சொல் சொல்லமாட்டான். பேரம் இல்லாத வியாபாரம் அவனுக்கு உப்பில்லாத சொதி மாதிரி இருந்தது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சனிக்கிழமை என்று ஒன்று இருந்தது.

கடைக்கு எதிரே மூலையில் இரண்டு நீள மேசைகள். சனிக்கிழமை மத்தியானம் தமிழர்கள் அவற்றை ஒன்றாக இழுத்துப் போடுவார்கள். நடுவில் தியாகராசா அண்ணை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். இங்கே விமான நிலையத்தில் தரை துடைக்கிறவர். ஆனால் அந்த மேசையில் இருக்கும்போது மறுபடியும் மனேச்சர். அவருக்கு வலப்பக்கம் மன்னார் மக்டலீன் அக்கா, முதியோர் இல்லத்தில் வேலை, கையில் எப்போதும் பின்னல் ஊசி. இடப்பக்கம் யோகலிங்கம், வாய்க்கு லீவு கொடுக்காதவன். இவர்களைச் சுற்றி வருகிறவர், போகிறவர். ஆளுக்கொரு தேத்தண்ணி வாங்கினால் தெருவிளக்கு எரியும்வரை அந்தக் கோப்பை காயாது.

“என்ன ஸ்ரனி அண்ணை, கிழமைக்குக் கிழமை றோல்ஸ் சிறுக்குது?” என்பான் யோகலிங்கம். “உள்ளுக்கு இருந்த மீன் அகதி அசூல் கேட்டு சுவிசுக்கு ஓடிட்டுதோ?”

“உன்ர வாய் பெருக்குது தம்பி. அதாலதான் றோல்ஸ் சின்னனாத் தெரியுது.”

“அப்ப வாயின்ர அளவுக்கு விலையைக் குறையுங்கோவன்.”

“வாயின்ர அளவுக்கெண்டால் நீ கடையைத்தான் வாங்கவேணும்.”

கடைசியில் ஒரு சதமும் குறையாது. ஆனால் ஒரு கரண்டி சம்பல் கூடப் போகும். இரண்டு பேரும் வென்ற முகத்தோடு பிரிவார்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி முடிகிற நேரம், யாழ்ப்பாணம் எழும்பி நடந்தது. ஆமி நெருங்குகிறது என்று சனம் முழுவதும் கையில் அகப்பட்டதோடு செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால், மழைக்குள்ளே தென்மராட்சிக்குப் போனது. அதற்குப் பிறகு அந்த மேசையில் பகிடி நின்றது. மேசைக்கு வேறு வேலை வந்தது.

ஊரில் போன் இல்லை. வவுனியாவுக்கு வந்து சேர்ந்த ஒருவர் கொழும்புக்குச் சொல்வார். கொழும்பு பாரிசுக்குச் சொல்லும். பாரிஸ் பிராங்பேர்ட்டுக்குச் சொல்லும். எல்லாச் சொல்லும் கடைசியில் தியாகராசா அண்ணையிடம் வந்து நின்றது. அவர் எழுதி வைப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: கோண்டாவில் இன்னார் குடும்பம் சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில்; கொய்யாத்தோட்டம் இன்னார் கிளாலி தாண்டி வன்னிக்குப் போய்விட்டார்; இன்னாருடைய தாயை மீசாலையில் கண்டதாம், மகனைக் காணவில்லையாம். சனம் கதிரை போதாமல் நின்றுகொண்டு கேட்கும். மான்ஹைமிலிருந்தும் காசலிலிருந்தும் ரயிலேறி வந்து கேட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்புகிறவர்களும் இருந்தார்கள்.

கொறற்றி ஒரு காதைச் சட்டியிலும் மறுகாதை மேசையிலும் வைத்திருந்தாள். அவளுடைய தகப்பன் இராயப்பு கடற்கரைப் பாசையூரில் வலையும் வள்ளமும் வைத்திருந்த சம்மாட்டியார். தாய் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. தனி மனிதர்.

“பாசையூர் ஆக்கள் ஆரையும் கண்டவையோ அண்ணை?”

“இன்னும் இல்லைப் பிள்ளை. வரும்.”

வந்தது. மக்டலீன் அக்காவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் நாவற்குழியில் கண்டிருக்கிறான். அக்காதான் சொன்னாள்.

“சனம் சட்டி பானை காவுது, பாய் காவுது, ஆட்டுக்குட்டி காவுது. உம்மட அப்பு என்ன காவினவர் தெரியுமோ? வலை! முழு வலையையும் தோளில போட்டுக்கொண்டு நடக்கிறாராம். ‘கடலில்லாத இடத்துக்கு என்னத்துக்கு அப்பு வலை’ எண்டு கேட்டதுக்கு, ‘நான் போறன், கடல் பின்னால வரும்’ எண்டவராம்.”

கொறற்றி சிரித்தாள். சிரித்த கையோடு முன்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சட்டிகளுக்குப் பின்னால் குந்திவிட்டாள். அன்று எல்லாருக்கும் றோல்ஸ் சும்மா போனது. ஸ்ரனிஸ்லாஸும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமைதான் கோபாலனுக்குச் சாவு சொன்னார்கள். கோபாலன் பேக்கரியில் வேலை செய்கிற இளந்தாரி. அவனுடைய தமையன் செல்லடியில் செத்த செய்தி செவ்வாயே தியாகராசா அண்ணைக்கு வந்துவிட்டது. கோபாலனிடம் போனும் இருந்தது. ஆனால் சாவை எப்படிப் போனில் சொல்வது? ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ஒருவன் தனி அறையில் விழுந்தால் ஆர் தூக்குவது? சனிக்கிழமைவரை வைத்திருந்தார்கள். அவன் வந்ததும் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நெருங்கி இருந்தார்கள். முன்னால் இருந்த தேத்தண்ணிக் கோப்பைகள் எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் அப்பால் போயின. கொறற்றி ஒன்றும் விளங்காமல் புதுத் தேத்தண்ணியோடு வர, மக்டலீன் அக்கா கையைக் காட்டி மறித்தாள்.

“இப்ப வேண்டாம் பிள்ளை. சாவு சொல்லுற இடத்தில வாயில ஒண்டும் வைக்கப்படாது.”

பிறகு கோபாலன் அழுதான். மேசை முழுவதும் அவனோடு அழுதது.

இதை மேலே கண்ணாடி அறையிலிருந்து ஹெர் வெண்ட்லாண்ட் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபம் அவருடையது. கெட்ட மனிதர் இல்லை, கணக்கான மனிதர். இரண்டு மேசை நிறையச் சனம், ஒருவர் முன்னாலும் ஒரு கோப்பை இல்லை, எல்லாரும் அழுகிறார்கள். அவர் கண்டது அவ்வளவுதான்.

திங்கள் அவர் ஸ்ரனிஸ்லாஸைக் கூப்பிட்டார். வாசலடியில் வாத்து வறுத்து விற்ற சீனக்காரன் கடையை விட்டுவிட்டுப் போகிறானாம். அந்த இடத்தைத் தாய்லாந்துக்காரியும் கேட்கிறாள், வியட்நாம் துவானும் கேட்கிறான். “உங்களுக்கும் ஆர்வம் இருக்கலாம்” என்றார். பிறகு, யன்னலைப் பார்த்துக்கொண்டு, “உங்கள் சனிக்கிழமை ஆட்கள் நீண்டநேரம் இருக்கிறார்கள்” என்றார்.

ஸ்ரனிஸ்லாஸுக்கு உச்சந்தலையில் ஏதோ குளிர்ந்தது. பத்து வருடமாக அவன் காத்திருந்த குரல் அது. மனிதர் ஒன்றைக் கேட்காமல் கேட்கிறார், ஒன்றைத் தராமல் காட்டுகிறார். இது பேரம்! அவன் மெல்லக் குனிந்து வெண்ட்லாண்டின் சப்பாத்தைப் பார்த்தான். நல்ல சப்பாத்து, ஆனால் குதி தேய்ந்திருந்தது. ஆளுக்கும் அவசரம் இருக்கிறது.

“அது கஷ்டமான விஷயம்” என்றான் முதலில். “அவர்கள் என் ஆட்கள்.”

“புரிகிறது.”

“ஆனால் நான் சொன்னால் கேட்பார்கள்.”

“அப்படியா?”

“எழுதி ஒட்டலாம். நானே ஒட்டுகிறேன். நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஆனால் வாசலடியில் நத்தார்ப் பெருநாளுக்கு முன்னமே அடுப்பு எரிய வேண்டும்.”

வெண்ட்லாண்ட் கை நீட்டினார். படியிறங்கி வரும்போது ஸ்ரனிஸ்லாஸ் சீட்டியடித்தான். துவானை வென்றான், தாய்லாந்துக்காரியை வென்றான். தராசின் மற்றத் தட்டில் என்ன வைத்தோம் என்று பார்க்க அவனுக்கு நேரமிருக்கவில்லை.

கொறற்றியிடம் அவன் விஷயத்தைத் தலைகீழாகத் திருப்பிச் சொன்னான். “வெண்ட்லாண்ட் பிடிவாதமா நிக்கிறான். ஒட்டாட்டி கடையே இல்லையாம்.”

அவள் றோல்ஸுக்கு முட்டை பூசிக்கொண்டிருந்தாள். “என்ன எழுதப் போறியள்?”

“சாப்பாடு வாங்காத ஆக்கள் இருக்கப்படாதெண்டு. தமிழில.”

கொறற்றியின் கை நின்றது. “தமிழிலயோ? இஞ்சேருங்கோ, ஜெர்மன்ல எழுதுங்கோவன்.”

“ஜெர்மன்ல எழுதினால் எல்லாருக்குமெல்லோ பொருந்தும்? துவான்ர கடைக்கு வாற கிழவங்களும் நாள் முழுக்கக் கடுதாசி விளையாடுறாங்கள். அவன் கத்தியோட வருவான். தமிழில எழுதினால் எங்கட சனத்துக்கு மட்டும் விளங்கும். மற்றவனுக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் வெக்கமில்லை.”

“ஜெர்மன்ல கிடந்தால் அது வெள்ளைக்காரன்ர சட்டம். சனம் அவனைப் பேசிப்போட்டு இருக்கும். தமிழில கிடந்தால் அது எங்கட வாயெல்லோ?”

“நீர் சும்மா இரும். வியாபாரம் எனக்குத் தெரியும்.”

அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அன்றைக்கு றோல்ஸ் பொரித்து முடிக்கவேண்டியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மூலைச் சுவரில் வெள்ளைத் தாள் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த நல்ல தமிழையெல்லாம் கூட்டி எழுதியிருந்தான்: *உணவு வாங்காதோர் இங்கு அமர்ந்திருத்தல் ஆகாது. இவ்வண்ணம், நிர்வாகம்.* அந்த மண்டபத்தில் தமிழில் எழுதப்பட்டிருந்தது அது ஒன்றுதான். கடைப் பலகையில்கூட ‘ஸ்ரீலங்கா ஸ்பெஷல்’ என்று ஜெர்மனில்தான் இருந்தது.

முதலில் கண்டவன் யோகலிங்கம்.

“ஆகாதாம்! எட, பூசைப் புத்தகம் மாதிரி எழுதிக் கிடக்குது. அண்ணை, இந்த நிர்வாகம் எண்டுறது ஆர்? ஊரிலயும் காணேல்லை, இஞ்சையும் காணேல்லை. கலியாணம் கட்டின ஆளோ?”

“தம்பி, அது வெண்ட்லாண்டின்ர வேலை.”

“வெண்ட்லாண்டுக்குத் தமிழ் எழுத்து நல்லாத்தான் வருது. ஆனா அந்த ‘ண’னாவுக்கு வால் இழுத்த விதத்தைப் பாத்தால் எனக்குத் தெரிஞ்ச ஒராள் மாதிரிக் கிடக்குது.”

யாரும் சிரிக்கவில்லை. தியாகராசா அண்ணை கண்ணாடியைப் போட்டுத் தாளை ஒரு தரம் வாசித்தார். கையிலிருந்த செய்திப் பேப்பரை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். எழும்பிக் கடைக்கு வந்தார்.

“ஒரு தேத்தண்ணி தாரும்.”

“அண்ணை, அது உங்களுக்கில்லை. நீங்கள் இருங்கோ.”

“தாரும் ஐசே.”

கொடுத்தான். அவர் அங்கேயே நின்றபடி, சுடச்சுட, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கோப்பையைத் துடைத்ததுபோலச் சுத்தமாக வைத்தார். “நல்ல தேத்தண்ணி” என்றார். போய்விட்டார். மற்றவர்களும் மேசைகளைப் பழைய இடத்துக்குத் தள்ளி, கதிரைகளை ஒழுங்காக அடுக்கிவிட்டுப் பின்னால் போனார்கள். மக்டலீன் அக்கா மட்டும் பின்னலைச் சுருட்டிக்கொண்டு கொறற்றியை ஒரு தரம் பார்த்தாள். கொறற்றி கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு சனிக்கிழமைக்குள் வந்துவிடுவார்கள் என்று ஸ்ரனிஸ்லாஸ் கணக்குப் போட்டான். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போவதும் அடுத்த கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருவதும் அவன் சின்ன வயசிலிருந்து கண்ட காட்சி. ஆனால் இவர்கள் வாடிக்கையாளர் இல்லை; அதை அவன் யோசிக்கவில்லை.

நத்தாருக்கு முன்னமே வாசலடியில் அடுப்பு எரிந்தது. கோட்டுப் போட்ட பாங்கு உத்தியோகத்தர் வரிசையில் நின்றார்கள். கறி காரமாக வேண்டாம் என்றார்கள். பிறகு காரமில்லாத கறியைச் சாப்பிட்டு வியர்த்தார்கள். கவுன்டரில் ஒரு சின்ன மணி வைத்தான். ஆள் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் தட்டிக் கூப்பிடலாம். கதவு தானாகத் திறக்கிற கதவு. ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் தெருக்குளிர் ஒரு முழம் உள்ளே வந்து கொறற்றியின் கணுக்காலைப் பிடித்தது. வாசலடிக் கடை ஞாயிறும் திறக்கவேண்டும் என்பது வெண்ட்லாண்டின் ஒழுங்கு. ஆகையால் மாதத்துக்கு ஒரு தரம் நடக்கிற தமிழ்ப் பூசை அவளுக்கு இல்லாமல் போனது. விடிய எழும்பி, பக்கத்து ஜெர்மன் கோயிலில் ஒன்றும் விளங்காத பிரசங்கத்துக்கு முழங்காலில் நின்றுவிட்டு வருவாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பாள். “ஆரும் வந்தவையோ?”

“வருவினம்.”

“அப்புவைப் பற்றி ஏதும்…”

“நல்ல செய்தியெண்டால் ஆரும் ஓடிவந்து சொல்லுவினம் தானே. ஒண்டும் வரேல்லை எண்டால் சுகமா இருக்கிறார் எண்டு அர்த்தம்.”

இதைச் சொன்னபோது அவன் தன்னையும் நம்ப வைத்துவிட்டான்.

மேசைக்காரர் எங்கே போனார்கள் என்று தெரியாமலில்லை. ரயில்நிலையத்தில், பதினாறாம் மேடைப் பக்கம், இரண்டு வாங்கு. அங்கே இருப்பதற்கு ஒன்றும் வாங்கத் தேவையில்லை. தை மாதம் ஒருநாள் வெங்காயம் வாங்கப் போனவன் அந்தப் பக்கமாக நடந்து பார்த்தான். தியாகராசா அண்ணை தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களின் வாயிலிருந்து புகை வந்தது. யோகலிங்கம் கூட வாயை மூடிக்கொண்டு காலை மாற்றி மாற்றி நிலத்தில் உதைத்தான். கூப்பிட்டால் வருவார்களா? என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஸ்ரனிஸ்லாஸ் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். பிறகு வெங்காயத்தைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டான்.

அந்தக் கிழமைதான் எண்ணெய் கடன் கேட்கத் துவானிடம் போனான். துவானின் கிழவர்கள் வழமைபோலக் கடுதாசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சூப்புக் கிண்ணம், அதற்குமேல் ஒரு சோடி குச்சி. கிட்டப் போய்ப் பார்த்தான். கிண்ணங்கள் காய்ந்து, அலுமாரியிலிருந்து எடுத்தபடி பளபளத்தன.

துவான் அவன் பார்ப்பதைக் கண்டு சிரித்தான். “ஹெர் வெண்ட்லாண்ட் மேலிருந்து பார்ப்பார்” என்றான் தன் உடைந்த ஜெர்மனில். “கிண்ணம் இருக்கிறதா என்று பார்ப்பார். கிண்ணத்துக்குள்ளே பார்க்கமாட்டார்.”

ஸ்ரனிஸ்லாஸ் எண்ணெயை மறந்து திரும்பினான். பெரியகடைக் கருவாட்டுக்காரனின் மகன்! ஒரு கழுவின கோப்பையால் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு எதைக் கொடுத்துவிட்டான்? இருந்தும் அந்தத் தாளை அவன் கிழிக்கவில்லை. கிழித்தால், ஒட்டினது தான்தான் என்று சொன்னதாகப் போய்விடும்.

ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலம் தொடங்கின கிழமை, ஒரு சனி. ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த ஒருவர், நரைத்த மீசை, வரிசையில் நின்று தன் முறை வந்ததும் கொறற்றியை உற்றுப் பார்த்தார்.

“நீங்கள் இராயப்புச் சம்மாட்டியாற்ற மகளெல்லோ? முகம் அப்படியே உரிச்சு வைச்சிருக்குது. நான் கொழும்புத்துறை.”

கொறற்றியின் முகம் விரிந்தது. “ஓம், ஓம். அப்புவைத் தெரியுமோ?”

“தெரியாமல்? அந்த மனிசன்ர வலையில நான் கூலிக்கு நிண்டனான்.” அவர் தொப்பியைக் கழற்றினார். “வரேலாமல் போச்சுப் பிள்ளை. முப்பத்தோராம் நாள் பூசையெல்லாம் நல்லாச் செய்தியளோ?”

கொறற்றியின் கையில் தட்டு இருந்தது. அதில் சோறு இருந்தது. அடுத்து நின்ற ஜெர்மன் பெண் அந்தத் தட்டுக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆற்ற பூசை?” என்றாள் கொறற்றி.

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்தார். “வன்னியில, மல்லாவியில… மலேரியாக் காய்ச்சல் எண்டு… பொங்கலுக்கு முன்னமெல்லோ பிள்ளை… ஐயோ, உங்களுக்கு ஒருத்தரும்…”

கொறற்றி ஜெர்மன் பெண்ணைப் பார்த்து, “காரமா, காரமில்லாமலா?” என்று ஜெர்மனில் கேட்டாள். காரமில்லாமல் என்றாள் அவள். கொறற்றி மெதுவாகக் கறி வார்த்தாள். ஒரு துளி விளிம்பில் வழிந்ததைத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். ஏப்ரனைக் கழற்றி மடித்தாள். கவுன்டரைச் சுற்றி வெளியே வந்து, மண்டபம் முழுவதும் நடந்து, பழைய கடைக்கு எதிரே மூலையில், ஆளில்லாத நீள மேசையில் போய் இருந்தாள். தலைக்கு மேலே அந்தத் தாள் ஒரு மூலை கழன்று தொங்கியது.

ஸ்ரனிஸ்லாஸ் பின்னால் ஓடினான். முதலில் தாளைத்தான் எட்டிப் பிடித்தான்.

“விடுங்கோ அதை,” என்றாள் அவள். “நான் ஒண்டும் வாங்கேல்லை. இருக்கிறன். எழுப்புங்கோ பாப்பம்.”

“கொறற்றி…”

“வெண்ட்லாண்டோ ஒட்டச் சொன்னவர்?”

அவன் அவளுடைய செருப்பைப் பார்த்தான். வேறெங்கும் பார்க்கத் தெரியவில்லை.

“இல்லை,” என்றான். “நான்தான் சொன்னனான்.”

“என்னத்துக்கு?”

“வாசலடிக்கு.”

“ஓ,” என்றாள் கொறற்றி. அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான்.

ஏப்ரனோடு, கோட்டும் இல்லாமல், பனி உருகின தெருவில் அவன் ரயில்நிலையத்துக்கு ஓடினான். பதினாறாம் மேடை. தியாகராசா அண்ணை அவன் வருகிற கோலத்தைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

“சொல்லேல்லையே அண்ணை! ஒரு வார்த்தை சொல்லேல்லையே! பொங்கலுக்கு முன்னம் செத்த மனிசன்!”

“உங்களுக்குத் தெரியாதோ?” தியாகராசா அண்ணை மக்டலீன் அக்காவைப் பார்த்தார். “நீர் போனனீர் எண்டு சொன்னீரே?”

“போனனான். ரெண்டு தரம் வீட்டு மணி அடிச்சுப் பாத்தன். விடியவும் ஆளில்லை, பின்னேரமும் ஆளில்லை. பேந்து நீங்கள் கடைக்குப் போய்ச் சொல்லியிருப்பியள் எண்டு நினைச்சன்.”

“நான் தமிழ்ப் பூசையில சாமியார் சொல்லியிருப்பார் எண்டு நினைச்சன்.”

“நாங்கள் என்ன நினைச்சம் தெரியுமோ?” என்றான் யோகலிங்கம். அவன் குரலில் அன்று பகிடி இல்லை. “தகப்பன் செத்தும் ஒருநாள் கடை பூட்டேல்லை, இவை என்ன சனமெண்டு நினைச்சம். அண்டைக்கு வாசல்வரைக்கும் வந்து பாத்தனான். அக்கா நிண்டு கறி அள்ளிக்கொண்டிருந்தவ. காறித் துப்பாத குறையாத் திரும்பினனான்.”

“வாசல்வரைக்கும் வந்தனி, உள்ளுக்கு வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தம்பி?”

“எப்பிடி வாறது?” தியாகராசா அண்ணை மெதுவாகத்தான் கேட்டார். “நீர் சொல்லும். சாவு சொல்ல வாறவன் பச்சைத்தண்ணியும் வாயில வைக்கப்படாது. உம்மட இடத்தில சாப்பாடு வாங்காட்டில் இருக்கேலாது. நிண்டுகொண்டு சாவு சொல்லுறதோ? இல்லாட்டி ஒரு கொத்துரொட்டியை வாங்கி முன்னால வைச்சுக்கொண்டு, ‘பிள்ளை, உம்மட அப்பு போயிட்டார்’ எண்டு சொல்லுறதோ?”

பக்கத்து மேடையில் ஒரு ரயில் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

“ரோசத்தில நாங்களும் பிழை விட்டிட்டம்,” என்றார் தியாகராசா அண்ணை. “போனில எண்டாலும் சொல்லியிருக்கலாம். பிள்ளை இப்ப எங்கை?”

“மேசையில.”

“தனியவோ?” மக்டலீன் அக்கா பின்னலை வாங்கிலேயே போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

எல்லாரும் வந்தார்கள். வாசலடிக் கடையைக் கடக்கும்போது ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மக்டலீன் அக்கா போன வேகத்தில் கொறற்றியை அணைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். அதுவரை விறைத்துப் போயிருந்த கொறற்றி அப்போதுதான் வாய்விட்டாள். “அப்பு வலையைக் காவிக்கொண்டெல்லோ போனவர்… அந்த வலை எங்கை அக்கா? ஆரிட்டக் குடுத்தவர்? அந்தக் காட்டுக்குள்ள கடல் வந்ததோ எண்டு ஆரும் கேட்டவையோ?” பொங்கலுக்கு முன்னம் அழவேண்டியதையெல்லாம் மண்டபத்தில் சாப்பிட்டவர்கள் திரும்பிப் பார்க்க, தாய்லாந்துக்காரி அடுப்பை அணைக்க, அவள் இப்போது அழுதாள். மற்றவர்கள் மட்டும் சுவரோரமாக நின்றார்கள். அவர்களுடைய கண் தாளில் இருந்தது.

“இருங்கோ அண்ணை,” என்றான் ஸ்ரனிஸ்லாஸ். “கும்பிட்டுக் கேக்கிறன், இருங்கோ.”

தியாகராசா அண்ணை கதிரையை இழுத்தார். “ஒண்டும் கொண்டுவரப்படாது,” என்றார்.

“இல்லை.”

எல்லாரும் இருந்தார்கள்.

மேலே கண்ணாடி அறையின் கதவு திறந்தது. ஹெர் வெண்ட்லாண்ட் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஸ்ரனிஸ்லாஸ் அவரை எப்படி மறிப்பது, ஜெர்மனில் என்ன சொல்லித் தொடங்குவது என்று தவித்துக்கொண்டு நிற்கையில் துவான் தன் கடையிலிருந்து வந்தான். ஒரு கையில் அடுக்குக் கிண்ணம், மறு கையில் ஒரு பிடி குச்சி. தமிழும் தெரியாது, யார் செத்ததென்றும் தெரியாது. கொறற்றியின் முன்னால் ஒரு கிண்ணம் வைத்தான். மக்டலீன் அக்காவின் முன்னால் ஒன்று. தியாகராசா அண்ணை முன்னால், யோகலிங்கம் முன்னால், சுற்றிவர ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனான். எல்லாம் காய்ந்த கிண்ணங்கள். தியாகராசா அண்ணை உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று கண்டதும் தலையை ஆட்டினார்.

வெண்ட்லாண்ட் வந்தார். மேசையைப் பார்த்தார், கிண்ணங்களைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படியேறினார்.

துவான் ஸ்ரனிஸ்லாஸுக்குக் கிண்ணம் வைக்கவில்லை. கடைக்காரனுக்கு எதற்கு என்று நினைத்திருப்பான். மேசையோரத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அதன் முதுகில் கை வைத்தான். கொறற்றி நிமிர்ந்து பார்க்கவில்லை, மற்றவர்களும் பார்க்கவில்லை.

வாசலடியில் யாரோ மணியைத் தட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டினார்கள். அவன் போகவில்லை. கதிரையில் இருக்கவும் இல்லை.